மடங்க வேண்டிய முழங்கால்

— வீக்கத்த அமுக்காதீங்க, மேஸ்திரியாரே. முழங்கால் சில்லு ரெண்டா ஒடஞ்சி, ஒரு துண்டு மேல ஏறி நிக்குது.

— நான் கேட்டது அது இல்ல, ஏனோக்கு. சம்மணம் போட முடியுமா, முடியாதா?

— டிரஸ்ஸரய்யா, நைனாவுக்கு மூணு வழியையும் இன்னொரு தரம் சொல்லுங்க.

— பின்னாடி பலகை வெச்சிக் கட்டுறது ஒண்ணு, மங்கம்மா. கத்தியே படாது. ஆனா ரெண்டு துண்டுக்கும் நடுவுல நார் மாதிரிதான் ஒட்டும். நடக்கலாம். காலு வெறச்சி நிக்கும்.

— வெறச்ச காலோட சபையில நிக்கவா? அடுத்தது சொல்லு.

— தோலுல ஊசியால குத்தி, உள்ளாற சில்லச் சுத்திப் பட்டுநூலு போட்டு இறுக்குறது. சீழ் பயம் கம்மி. பாதி மடங்கும்.

— பாதி எதுக்கு ஆவும்?

— மூணாவது, முழங்கால் மூட்டயே தெறந்து, எலும்புல தொள போட்டு வெள்ளிக் கம்பியால தைக்கிறது. நல்லா ஆறினா முழுசா மடங்கும். உள்ள சீழ் பூந்துச்சின்னா காலயே எடுக்கணும். எடுத்தும் பாலகாட் சுரங்கத்து ஆளு ஒருத்தர மண்ணுக்குக் குடுத்தோம்.

— மருந்துத் தண்ணியில கழுவுறீங்களே, ஐயா.

— கையும் கத்தியும் கார்பாலிக்குல ஊறத்தான் ஊறுது. அதுக்கு மேல ஆண்டவர் சித்தம்.

— கம்பியே போடச் சொல்லு. மாசியில இவ கல்யாணம். எங்க வழக்கத்துல பெத்தவன் சம்மணம் போட்டு, பொண்ண மடியில வெச்சித் தாரவாக்கணும்.

— நான் சித்தப்பா மடியில உக்காந்துக்கிறேன், நைனா.

— அப்பன் செத்தவதாண்டி சித்தப்பன் மடியில உக்காருவா. நான் உசுரோட பந்தல் ஓரமா கால நீட்டிக்கினு கெடக்கணுமா?

— கெட. கண்ணால பாத்துக்கினாவது இருப்பே.

— ஊரிகம் லைன் வீடுங்கள்ல ஒவ்வொருத்தனும் பாப்பான்.

— பாக்கட்டும். சுரங்க ஷாஃப்டுல விழுந்தப்பவும் அவங்க பாக்கறாங்கன்னுதானே, தூக்க வந்தவங்கள வெரட்டிட்டு நொண்டிக்கினே மேல வர்ற கேஜுல ஏறினே? அதுலதான் துண்டு இன்னும் வெலகுச்சாம். கேளு, ஐயாவ.

— உங்க பொண்ணு சொல்றது நெசந்தான், மேஸ்திரியாரே.

— உனக்குப் பொட்டப்புள்ள இல்ல, ஏனோக்கு. உனக்கு இன்னா தெரியும்? போயி டாக்டர் துரைகிட்ட சொல்லு. கம்பி.

— நீ இன்னாம்மா சொல்றே, மங்கம்மா? அந்த மாப்பிள்ளப் பையன உனக்கும் புடிச்சிருக்குன்னாங்க.

— புடிச்சிருக்குங்க ஐயா. அதான் ஆள் அனுப்பாம நானே போனேன்.

— எங்கடி போனே?

— ஆண்டர்சன்பேட்டைக்கு, மாப்பிள்ள வீட்டுக்கு. நிச்சயத்துக்கு அவங்க குடுத்த பாக்கு வெத்தலயக் காலையிலயே திருப்பிக் குடுத்துட்டேன், நைனா. பலகையே வெச்சிக் கட்டுங்க, ஐயா.