நதியாவுக்கு லண்டன் ஒத்துக்கொள்ளாது

உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்தீர்கள், நன்றி மேடம். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்கு நாள் முழுக்க நின்றபடியேதான் வேலை. சாயங்காலம் ஆனால் முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

என் தங்கச்சி நதியா நேற்றுப் பெருமாநல்லூரில் செய்தது தப்புதான். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பிள்ளையை, "நீ என் வயித்துல பொறந்தவ, வா வீட்டுக்குப் போவோம்" என்று கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றியிருக்கிறாள். அந்தப் பிள்ளையின் அப்பா ஆட்களோடு துரத்திவந்து பிடித்து, ஸ்டேஷனில் உங்களிடம் ஒப்படைத்துவிட்டார். அவள் பிள்ளை பிடிக்கிறவள் இல்லை. அப்புறம் ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியும். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகத்தான் சொல்வேன், அலுப்பாக இருக்கிறது.

எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம். அப்பா அம்மா இல்லை. பதினெட்டு வயதில் திருப்பூருக்கு வந்தேன், பன்னிரண்டு வயது நதியாவையும் கூட்டிக்கொண்டு. அவளுக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அப்புறம்தான் கம்பெனிக்குப் போவேன். ஊரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். வருகிறவள் இவளை எப்படி வைத்துக்கொள்வாளோ என்று வேண்டாம் என்றேன். அதை நான் ஒருநாளும் அவளிடம் சொல்லிக்காட்டியதில்லை.

படித்து முடித்து எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் சேர்ந்தாள். எங்களிடம் வாங்குகிற வெளிநாட்டுப் பையர் பக்கத்திலிருந்து சரக்குப் பார்க்க முருகவேல் என்று ஒருவர் வருவார். அவருடைய அப்பா தேவகோட்டைக்காரர், அந்தக் காலத்திலேயே இங்கிலாந்துக்குப் போனவர். இவர் அங்கேயே பிறந்தவர். லெஸ்டர் என்று ஊர்; எங்களுக்கு எல்லாமே லண்டன்தான். தமிழைச் சூடான இட்லி மாதிரி வாயில் உருட்டி உருட்டிப் பேசுவார். நல்ல மனிதர். அதை நான் எங்கேயும் சொல்வேன். நதியாவைப் பிடித்துப்போய், வீடு தேடி வந்து என்னிடம் கேட்டார். கோயிலில் கல்யாணம், ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்து. அவளைக் கூட்டிப்போக விசா கிடைக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை அவர்தான் வந்து போனார்.

அபிராமி பிறந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தாய் வீடு நான்தான். வலி வந்ததும் ஆட்டோ பிடித்து நான்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். "கூட வந்த ஆம்பள யாருங்க, பேரு சொல்லுங்க" என்று நர்ஸ் கேட்டார். பாண்டித்துரை என்றேன். பிறப்புச் சான்றிதழ் வந்தபோது அப்பா பெயர் இருக்கிற இடத்தில் பாண்டித்துரை என்று இருந்தது. அதில் என் குற்றம் ஒன்றும் இல்லை. முருகவேல் போனில் சிரித்தார். "மச்சான், நான் ஊர்ல இல்லாத நேரம் பாத்து என் பிள்ளைய உங்க பேருக்கு எழுதி வாங்கிட்டீங்களே." நாங்களும் சிரித்தோம். யாரும் அதைத் திருத்தப் போகவில்லை.

பிள்ளைக்கு நாலு வயதாகும்போது அவர் ஒரு விஷயம் சொன்னார். அவர் அந்த நாட்டிலேயே பிறந்ததால், அவருடைய பிள்ளை எங்கே பிறந்தாலும் அந்த நாட்டுப் பிரஜைதானாம். "கேட்டு வாங்குறது இல்ல மச்சான். பிறந்த அன்னிக்கே ஆயிட்டா. நாம பாஸ்போர்ட் மட்டும்தான் எடுக்கணும். அவளுக்கு வந்துட்டா அத வச்சு நதியாவுக்கும் வழி பண்ணிரலாம்."

அன்றைக்கு அபிராமி என் வயிற்றில் தலைவைத்துப் படுத்துக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மடியில் உட்காரவைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினோம். என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினாள். இத்தனை நாளும் அவள் வேறு நாட்டுக்காரி, என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை. அது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

மனு போட்டார். சான்றிதழில் வேறு ஆள் பெயர் இருக்கிறது, நீதான் அப்பா என்று காட்டு என்று திருப்பிவிட்டார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்ததிலிருந்து அவருடைய அம்மா அவரை நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார். ஆபீசுக்கு முறையாகக் கொடுக்கிற டிஎன்ஏ டெஸ்ட் அப்புறம், முதலில் அம்மா வாயை அடைக்க நமக்குள் ஒன்று எடுத்துவிடுவோம் என்று ஒரு சின்னப் பெட்டியைத் தபாலில் அனுப்பினார். பஞ்சு சுற்றிய குச்சிகளும் ஒரு கவரும் இருந்தன. பிள்ளையின் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து அனுப்ப வேண்டும். நதியாவுக்கு முகம் வாடிவிட்டது. அப்புறம் அவளே தேறிக்கொண்டாள்.

"நல்லா எடுக்கட்டும்ணே. எனக்கென்ன பயம்? எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு, நீயே எடுத்து அனுப்பிரு."

அபிராமி தூங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருந்தது லைன் வீடு. பக்கத்து வீட்டு நூர்ஜானின் மகள் ஆஃப்ரின் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நாலு வயதுதான்.

"ஆத்தா, வாயத் தொற பாப்போம்."

"முட்டாயா மாமா?"

"முட்டாயிதான். முதல்ல இது."

அழகாகத் திறந்தாள். இரண்டு கன்னத்திலும் தேய்த்தேன். சொன்னபடி மிட்டாயும் கொடுத்தேன். கவரில் அபிராமி என்று எழுதி ஒட்டி, கூரியரில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

நதியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. மார்கழிப் பனிக்கே மூச்சு இழுக்கும். லண்டன் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. இவர்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. காரியம் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் நான் நினைக்கவில்லை.

முடிவு வந்ததும் முருகவேல் முதலில் எனக்குத்தான் கூப்பிட்டார். டெஸ்டில் பொருந்தவில்லை என்றார். அப்புறம், "மச்சான், உங்கள என் கூடப்பிறந்தவரா நினைச்சுக் கேக்கறேன். எனக்குத் தெரியாம எதாவது நடந்துச்சா?" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை மேடம். எதுவுமே சொல்லவில்லை. அவர் அழுவது கேட்டது. போனை வைத்துவிட்டேன். ஆறு மாதத்தில் விவாகரத்து கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது.

நதியா முதலில் கத்தினாள், அப்புறம் கெஞ்சினாள். "இன்னொரு தடவ எடுங்க" என்று அவருக்கு மெசேஜ் மேல் மெசேஜ். அவர் நம்பரையே மாற்றிவிட்டார். கம்பெனியில் பெண்கள் சும்மா விடுவார்களா? "என்ன லண்டன்காரி, ஃப்ளைட்டு லேட்டா?" என்பார்கள். வீட்டுக்கார அம்மா மயிலாள் மட்டும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க தங்கச்சி அப்படிப்பட்ட புள்ள இல்லீங்க சாமி. அந்த மெசினு தப்புங்க. நீங்க அண்ணனா நின்னு கேக்கோணுமுங்க." கேட்கிறேன் என்றேன்.

அவள் சோறு சாப்பிடவில்லை. "நான் யார் கூடயும் போகலண்ணே. நீயாவது நம்புறியா?" இதையே நாளைக்குப் பத்துத் தடவை கேட்டாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். "நம்புறேன்த்தா. ஒம் மேல தப்பு இல்ல. ஆஸ்பத்திரியில பிள்ள மாறியிருக்கும்" என்றேன்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியாது. துணியை லேயர் லேயராக விரித்து ஒரே வெட்டாக வெட்டுவோம். வெட்டியதும் ஒவ்வொரு பீஸிலும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிவிட வேண்டும். ஒட்டாவிட்டால் ஒரு லேயரின் கை இன்னொரு லேயரின் உடம்போடு போய்ச் சேரும். வெட்டும்போது தெரியாது. தைத்து முடித்து வெளிச்சத்தில் பிடித்தால் கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம். அப்படி மாறியதைப் பிரித்தெடுப்பதுதான் செக்கிங்கில் நதியாவின் வேலை. அதனால் நான் சொன்னது அவள் மனதில் சட்டென்று உட்கார்ந்துவிட்டது. அன்றைக்குச் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் அபிராமியை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, காதைத் திருப்பி, விரலை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து, "எனக்கும் இவளுக்கும் ஒரு டெஸ்ட்டு எடுத்துருவோம்ணே, தெரிஞ்சுபோகும்" என்றாள். நியாயமான யோசனைதான். ஆனால் பொருந்துகிறது என்று அதில் வந்தால், அந்தக் காகிதத்தோடு அடுத்த நாளே முருகவேலைத் தேடிப்போவாள். எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து. எனக்குத் தெம்பு இல்லை. இரண்டு பேரிடமும் எச்சில் எடுத்துக்கொண்டு, கோயம்புத்தூரில் கொடுக்கிறேன் என்று போனேன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்தேன். குச்சிகளை அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பத்து நாள் கழித்து, "பொருந்தலையாம்த்தா" என்றேன்.

அவள் அழவில்லை. ஸ்கூல் விட்டு வந்த அபிராமி ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். நதியா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். அடிக்கவெல்லாம் இல்லை. "இனிமே என்னைய அம்மான்னு கூப்பிடாத பாப்பா. ஒங்கம்மா எங்கயோ ஒன்னையத் தேடிக்கிட்டு இருப்பா" என்றாள்.

அன்றிலிருந்து அபிராமியை வளர்த்தது நான். இப்போது பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். எனக்கு ரசம் வைத்துக்கொடுப்பாள், கால் வலித்தால் தைலம் தேய்த்துவிடுவாள். ஒரே வீட்டில்தான் மூன்று பேரும் இருக்கிறோம். அம்மாவும் மகளும் பேசிக்கொள்வது என் வழியாகத்தான். "மாமா, குழம்பு போதுமான்னு அவங்களக் கேளுங்க" என்பாள். நான் கேட்டுச் சொல்வேன். எங்கள் வீட்டில் சண்டை என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

நதியா ஆஸ்பத்திரி ஆயாவைப் பிடித்து, அன்றைக்கு அங்கே பிறந்த பெண்பிள்ளைகள் யார் யார் என்று கேட்டு வைத்துக்கொண்டாள். ஏழு பேர். லீவு நாளெல்லாம் ஒவ்வொரு வீடாகத் தேடிப் போனாள். ஒருத்தி குண்டடம், ஒருத்தி காங்கேயம். துணி விற்கிறவள் மாதிரி உள்ளே போய் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு வருவாள். போன வருஷம் பெருமாநல்லூர்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, "முருகவேல் மாதிரியே தாடையில குழி இருக்குண்ணே" என்றாள். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். நான் ஏன் அதைக் கெடுக்க வேண்டும்? அந்தப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும் என்று விசாரித்துச் சொன்னதும் நான்தான். கையைப் பிடிப்பாள் என்று நினைக்கவில்லை.

ஆக, அபிராமி நதியா பெற்ற பிள்ளைதான். அப்பா முருகவேல்தான். எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் மாறவில்லை. அவள் பிறந்த அன்றைக்கு என்ன நாட்டுக்காரியோ, இன்றைக்கும் அதே நாட்டுக்காரிதான் என்று நினைக்கிறேன். அதில் நான் கைவைக்கவில்லை. வெளியே பெஞ்சில் யூனிபார்மோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான்.

எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ போடுகிறேன். கேஸை என் மேல் எழுதிக்கொண்டு தங்கச்சியை விட்டுவிடுங்கள். ஒன்றே ஒன்று மட்டும், நான் சொன்னது எதுவும் அவள் காதுக்குப் போக வேண்டாம் மேடம். என்னையும் வெறுத்துவிட்டால் அப்புறம் அவளுக்கென்று யார் இருக்கிறார்கள்?