மணிக்கட்டில் தொட்டுப் பார்த்து

முடி எடுக்கும் வேக்ஸின் சூட்டை மணிக்கட்டின் உட்புறத்தில்தான் பார்க்க வேண்டும். விரல் நுனி பொய் சொல்லும். வேலை செய்து செய்து அது மரத்துப் போயிருக்கும். உங்கள் பார்லரில் சேர்ந்த நாளிலிருந்து, மேடம், என் கையில் தொட்டுப் பார்க்காமல் யார் முகத்திலும் நான் வைத்ததில்லை. என் தங்கைக்கும் அப்படித்தான்.

விபத்து என்று சொல்லி முடித்துவிடலாம் என்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் பிறருடைய நல்ல மனசுக்குள் ஒளிந்துகொள்வது பாவம் என்று நினைப்பவள் நான். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை சின்னி பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அம்மா போய்விட்டாள். அவளுக்குத் தலை வாரியதும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்து கண் விழித்ததும் நான்தான். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. வளர்ந்து வேலைக்குப் போய், கண்ணோரத்தில் சுருக்கம் தெரிய ஆரம்பித்ததும் அவள் தோல் டாக்டரிடம் போனாள். ரெட்டினாய்டு க்ரீம் கொடுத்தார். இரவில் பட்டாணி அளவு. பகலில் வெயில் படக் கூடாது. முதலில் தோல் உலர்ந்து உரிந்தது. மாதங்கள் போகப் போகச் சுருக்கம் மங்கியது. எனக்குச் சந்தோஷம்தான்.

ஒரு நாள் எனக்கும் ஒரு ட்யூப் வாங்கி வந்தாள்.

"நீயும் போடுக்கா. நெத்தி, கோடு போட்ட நோட்டு மாதிரி ஆயிடுச்சு."

"அந்த நோட்டுல எழுதினதெல்லாம் நீதாண்டி."

சிரித்தாள். நானும் சிரித்தேன். ட்யூபை அலமாரியில் வைத்துவிட்டேன், திறக்கவில்லை.

பிறகு ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்பில் அவளுக்குத் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. இடத்தைக் காட்ட என்னையும் கூட்டிப் போனாள். மேலாளர் எழுந்து நின்று, "அம்மாவா? உக்காருங்கம்மா" என்றார். அவள் திருத்துவாள் என்று காத்திருந்தேன்.

"அம்மா மாதிரிதான் சார்" என்றாள்.

வீடு வரும்வரை பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். என்ன பிடி அது? என் கோடுகள் அத்தனையும் அவளுக்காக விழுந்தவை. தன்னுடையதை மட்டும் அழித்துக்கொண்டு, என்னுடையதை நாலு பேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். மன்னிக்கும் மனம் வேண்டுமென்று தினமும் மண்டியிட்டேன். எழுந்தபோதெல்லாம் கோபமும் என்னோடு எழுந்தது.

வேலையில் சேர்வதற்கு முந்தின நாள் இங்கே வந்தாள். மேலுதட்டு முடியை மட்டும் எடுக்க வேண்டும். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரியும்: முகத்துக்கு ரெட்டினாய்டு போடுகிறீர்களா? போடுகிறவர்களின் மேல்தோல் பலவீனமாக இருக்கும். வேக்ஸ் பட்டையை இழுத்தால் முடியோடு தோலும் வந்துவிடும். அதனால் அவர்களுக்கு நாம் வேக்ஸ் வைப்பதே இல்லை. அவளிடம் நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"வேக்ஸ் வேணாம்னு டாக்டர் சொன்னாரேக்கா?"

"அது தெரியாதவங்க கையில. படு."

"உன் கைதானே. சரி." கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் பட்டையை இழுத்தேன். துணியில் முடி இருந்தது, தோலும் இருந்தது. உதட்டுக்கு மேலே பச்சைப் புண்ணாகச் சிவந்தது.

"எரியுதுக்கா."

"எரியத்தான் செய்யும். கண்ணைத் திறக்காதே. அப்படியே முகம் முழுக்க எடுத்துடறேன், நாளைக்குப் பளிச்சுன்னு இருப்பே."

என் ஏப்ரன் நுனியை இறுகப் பிடித்துக்கொண்டாள். விபத்து என்று சொல்வதானால் அந்த ஒரு பட்டையைத்தான் சொல்லலாம், மேடம். அதைக்கூட என்னால் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு இடது கன்னம். பிறகு வலது. கடைசியில் நெற்றி.

தழும்பு மறையாமல் நின்றுவிடும் என்கிறாராம் டாக்டர். அவள் இன்னமும், "அக்காவுக்குத் தெரியாம நடந்துபோச்சு" என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறாளாம். தெரிந்துதான் செய்தேன். ஆனால் வெறுப்பில் செய்ததாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். வெறுப்பவள் சூடு பார்ப்பாளா? ஒவ்வொரு தடவையும் என் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவள் முகத்தில் தடவினேன். பிள்ளைக்குச் சுட்டுவிடக் கூடாதே.