பதினோரு நாள் சாவி

அட, சாவி எங்க ஓடிடப் போகுது, அப்புறம் குடுக்கலாம். முதல்ல உள்ள வா. செருப்போடவே வா, வீடு இன்னும் கூட்டலை. வந்து நாலு நாளாச்சு, கூட்டக் கூட்ட மணல் வருது. பாதிக் கடற்கரையை நாங்களே தூக்கிட்டு வந்துட்டோம் போல.

உக்காரு. அந்த நாற்காலி வேணாம், அதுல துணி கெடக்கு. சோபாவுல உக்காரு. ஏன் நுனியில ஒட்டிக்கிட்டு இருக்க? நல்லா சாஞ்சுக்க. உனக்கென்ன, புது இடமா?

அவரா? வேலைக்குப் போயிட்டார், வர ஆறரை ஆகும். நான்தான் இன்னிக்கு அரை நாள் லீவு சொல்லிட்டு வந்தேன்.

பெட்டியா? அதை நேத்தே பரண்ல ஏத்திட்டேனே. நான் வந்து ஏத்தித் தர்றேன்க்கா, நீங்க ஏறாதீங்கன்னு நீ ரெண்டு தடவை சொன்னது ஞாபகம் இருந்துச்சு. உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நானே ஸ்டூலைப் போட்டு ஏறிட்டேன். ஏன் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? இரு, டீ போட்டு வெச்சிருக்கேன்.

இந்தா. உனக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. எப்படித் தெரியும்னா பாக்கற? தெரியும், குடி.

இதுவும் உனக்குத்தான். சிப்பி ஒட்டின டப்பா, கடல்கிட்ட வாங்கினது. மூடியில ஒரு சிப்பி உதிர்ந்துடுச்சு. என் நாத்தனாருக்குன்னு வாங்கினேன். உதிர்ந்ததை அவளுக்குக் குடுத்தா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. நீ ஒண்ணும் சொல்ல மாட்டே. ஹேர்பின் போட்டு வெச்சுக்க.

லீவுக்குப் போறது ஒரு வேலையே இல்லம்மா. திரும்பி வந்து வீட்டோட ஒட்டறதுதான் பெரும்பாடு. ஃப்ரிட்ஜைக் காலி பண்ணி அணைச்சிட்டுப் போனோமா, கதவைத் திறந்து வைக்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணலை. உள்ள கறுகறுன்னு பூத்துக் கெடந்துச்சு. ரெண்டு நாள் தேய்ச்சும் வாடை போகலை. வாஷிங் மெஷின் அஞ்சு தடவை ஓடுச்சு. அந்த ஹோட்டல் ஸ்பூன் ஒண்ணு துணிக்குள்ள சுருண்டு வந்துடுச்சு. எடுக்கலை, அதுவா வந்தது. காலையில எழுந்ததும் ஜன்னல் இடது பக்கம் இருக்கும்னு திரும்பறேன், நெத்தியில செவுரு இடிக்குது. பதினோரு நாள்ல உடம்பு அந்தக் கட்டிலுக்குப் பழகி, பத்தொம்பது வருஷம் படுத்த கட்டிலை மறந்துடுச்சு பாரு. உடம்புக்கு நன்றியே கிடையாது.

ஆமா, பன்னெண்டு நாள்னுதான் சொல்லிட்டுப் போனோம். நான்தான் ஒரு நாள் முன்னாடியே கெளம்பலாம்னேன். உனக்கு அது ஒரு மாதிரி இருந்திருக்கும், இல்ல?

நான் வேலை பாக்கற மூக்குக்கண்ணாடிக் கடையில வேற கூத்து. என் நாற்காலி உயரத்தை எவளோ எறக்கி வெச்சிருக்கா. உக்காந்தா மேஜை கழுத்துக்கு வருது. டெலிவரிக்கு வந்த கண்ணாடியெல்லாம் பேர் மாறி, பிள்ளைங்க கண்ணாடியைத் தாத்தாவுக்கும், தாத்தா கண்ணாடியைப் பிள்ளைங்களுக்கும் குடுத்துவிட்டிருக்காங்க. ஒரு வாரம் ரெண்டு பேரும் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்காங்க, ஒருத்தர்கூட வந்து கேக்கலை. மனுஷனுக்கு எதைப் பாக்கறோம்ங்கறதே அக்கறையில்லை.

முந்தாநேத்து ஒரு லாரி டிரைவர் வந்தான், லைசென்ஸுக்குக் கண் டெஸ்ட். கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சான். எனக்கு உறைச்சுது. படிக்கிறவன் கண்ணு சுருங்கணும், இவன் கண்ணு அசையலை. முன்னாடி வந்தவன்கிட்ட கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான். உள்ள போயி வேற எழுத்து அட்டையை மாட்டினேன். மறுபடி படிங்கன்னேன். பழைய அட்டையையே படிக்கிறான்! மூணு பிள்ளைங்க இருக்குன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். பாவம்தான். ஆனா இல்லாததை இருக்குன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது, சொல்லு.

ஏன் எழுந்திருக்கற? அதுக்குள்ள என்ன அவசரம்? உங்க வீட்டுக்காரர் கிடங்குல இருந்து வர நேரம் ஆகலையே. உக்காரு, உக்காரு.

செடியெல்லாம் நல்லா இருக்கு. அதுல குறை சொல்ல முடியாது. காஞ்ச இலையைக்கூட கிள்ளிப் போட்டிருக்க. நான் இருக்கறப்பகூட அப்படிப் பூத்ததில்லை. மத்தபடி உள்ள எதையும் தொடலைதானே? செடிக்குத் தண்ணி ஊத்திட்டு உடனே பூட்டிட்டுப் போயிட்டே, இல்லையா?

சரி. உடனே போயிட்டே. நம்பறேன்.

பாரு, பொய் சொன்னா உன் காது மடல் சிவக்குது. இது இப்பதான் கவனிக்கிறேன், கேமராவுல தெரியலை.

ஆமா, கேமரா. அதோ, புத்தகத்துக்கு நடுவுல கறுப்பா, பொத்தான் சைஸுக்கு. சோபாவும் சமையக்கட்டும் தெரியும். போறதுக்கு மொத நாள் அவர் வெச்சார். திருடன் பயம். உன்னை வேவு பாக்கணும்னு இல்லம்மா, சத்தியமா. நீ ஒரு குண்டூசியைக்கூட எடுக்கலை, அதை நானே யார்கிட்ட வேணா சொல்லுவேன். டீத்தூளும் சர்க்கரையும் எடுத்தே, அதைப் போயி யாரு கணக்குப் பாப்பா.

மொத நாள் ஊத்திட்டு ஓடிட்டே. ரெண்டாம் நாள், இப்ப உக்காந்திருக்கியே இதே மாதிரி நுனியில உக்காந்தே, ஆஸ்பத்திரியில டோக்கன் எடுத்தவ மாதிரி. மூணாம் நாள் டீ போட்டே. கப்பைக் கழுவி, தொடைச்சு, இருந்த இடத்துல வெச்சு, கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பியிருந்ததுன்னு நின்னு யோசிச்சே. அதைப் பாத்து நான் சிரிச்சுட்டேன். நாலாம் நாள் தலகாணியை எடுத்துப் போட்டுக்கிட்டு இங்கயே படுத்துட்டே. ரெண்டு மணி நேரம். அப்புறம் தெனமும். வாயைத் திறந்துக்கிட்டு, ஒரு கை தரையில தொங்க, கைக்குழந்தை தூங்கற மாதிரி. கடைசி நாள் பாட்டு வேற. உனக்குப் பாட வரும்னு நான் நினைக்கவேயில்லை. நாலு வருஷமா பக்கத்து வீட்டுல இருக்கே, உன் குரலை இருமலாத்தான் கேட்டிருக்கேன்.

அழாத. டீ ஆறுது.

மன்னிப்பெல்லாம் எதுக்கு? தூங்கினதுக்கு யாராவது மன்னிப்பு கேப்பாங்களா. உன் வீட்டுல உன்னால தூங்க முடியாது, அது எனக்குத் தெரியாதா என்ன? அந்த மனுஷன் காலையில உன்னை உள்ள வெச்சுக் கதவைப் பூட்டிட்டுப் போறதும், வெளிப்பக்கம் பூட்டினாத்தான் வீட்டுக்குப் பாதுகாப்புன்னு படிக்கட்டுல எல்லார்கிட்டயும் சிரிச்சுக்கிட்டுச் சொல்றதும் இந்தக் கட்டடத்துக்கே தெரியும். என் செடிக்குத் தண்ணி ஊத்தணும்னு நான் கேட்டதாலதானே, அந்தப் பதினோரு நாளும் பூட்டாம, வீட்டுச் சாவியை உன் கையில குடுத்துட்டுப் போனார். இன்னிக்கும் என் சாவியைத் திருப்பிக் குடுக்கணும்னுதான் பூட்டாம விட்டிருக்கார். எங்கிட்ட அவருக்கு அவ்வளவு மரியாதை. அக்கா சொன்னா சரியா இருக்கும்ங்கறது அவர் வழக்கம்.

இப்ப பரணைப் பாக்கறே. பாக்காத. அங்க இல்லை.

கேமராவுக்குப் பரண் எட்டாது. நேத்து பெட்டியை ஏத்தறப்ப எங்க பழைய போர்வைக்குப் பின்னாடி கை பட்டுச்சு. நீலப் பை. என்னடா, நம்ம வீட்டுல நமக்குத் தெரியாத பைன்னு எறக்கினேன். ரெண்டு செட் துணி, உன் சர்டிஃபிகேட், உங்கம்மா போட்டோ, அப்புறம் அந்த லெட்டர். குழந்தைங்க காப்பகத்துல வேலை, தங்க இடமும் சாப்பாடும் குடுக்கறாங்க, திங்கக்கிழமைக்குள்ள வந்து சேரணும். நல்ல லெட்டர். கையெழுத்துப் போட்ட அம்மா ஆள் தங்கமானவங்களா இருப்பாங்க போல, கீழ பேனாவால தைரியமா வாங்கன்னு எழுதியிருக்காங்க. நாங்க ஒரு நாள் கழிச்சு வந்திருந்தா நீ போயே சேர்ந்திருப்பே. செடிக்குக் கடைசித் தண்ணியை ஊத்திட்டு, பையை எடுத்துக்கிட்டு, சாவியைக் கதவுக்கடியில தள்ளிட்டு. அதானே?

இல்ல, ஒளிச்சு வைக்கலை. நான் எதுக்கு ஒளிச்சு வைக்கறேன்.

உங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டேன்.

இன்னிக்குக் காலையில. படிக்கட்டுல பாத்தேன். தம்பி, இது உங்க வீட்டுப் பொருள்னு குடுத்தேன். திறந்து பாத்தார். லெட்டரை நிதானமா, எழுத்துக் கூட்டற மாதிரி படிச்சார். சத்தம் போடுவார்னு நினைச்சேன், போடலை. ரொம்ப நன்றிக்கா, நீங்க கூடப் பொறந்தவங்க மாதிரின்னார். கிடங்குல இருந்து நாலரைக்கே கெளம்பி வந்துடறேன், அதுவரைக்கும் அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம், சாவியைக் குடுக்க வந்தா கொஞ்சம் பேசிக்கிட்டு உக்கார வெச்சிருங்கன்னு கேட்டுக்கிட்டார். அதான் பேசிக்கிட்டிருக்கேன். இல்லைன்னா ஃப்ரிட்ஜ் நாத்தத்தை உங்கிட்ட சொல்லி எனக்கு என்ன ஆகப் போகுது?

மணி நாலு அம்பது.

நீ எனக்கு என்ன பண்ணினேன்னா கேக்கற? ஒண்ணும் பண்ணலை. நியாயமான கேள்விதான். இதுவரைக்கும் நீ கேட்டதுலயே நியாயமான கேள்வி. சொல்றேன்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, படகுத்துறைகிட்ட ஒரு கடையில சாப்பிட்டு முடிச்சு உக்காந்திருந்தோம். மூணு மணி வெயில். தெனமும் அந்நேரத்துக்கு அவர் போனைக் கையில எடுத்து, மறைச்சு வெச்சுப் பாப்பார். ஆபீஸ் வேலைன்னு விட்டுட்டேன். அன்னிக்குக் கையெல்லாம் பிசுபிசுன்னு இருந்துச்சு. கெளம்பலாமா, எழுந்திருங்கன்னேன். கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன், அலைச் சத்தம் அப்படி. அவர் போன்ல இருந்து கண்ணை எடுக்காம என் பக்கம் கையைத் தூக்கி, மெதுவாப் பேசு, தூங்குது பாவம்னார்.

நீதான். இங்க, இந்தச் சோபாவுல. நானூறு மைலுக்கு அப்பால. என் சத்தத்துல நீ முழிச்சுக்குவேன்னு அவருக்கு அந்த நிமிஷம் நிஜமாவே பயம். அப்புறம் தன் அசட்டுத்தனம் தனக்கே தெரிஞ்சு சிரிச்சுட்டார். பாரேன், எப்படித் தூங்குதுன்னு எனக்கும் காட்டினார். கெட்ட எண்ணம் இல்லம்மா. கெட்ட எண்ணமா இருந்தா எனக்குக் கஷ்டமே இல்லை, ஆம்பளைங்க புத்தின்னு தொடைச்சுப் போட்டிருப்பேன். அந்த முகத்துல இருந்தது இரக்கம்.

பித்தப்பை ஆபரேஷன் முடிஞ்சு நான் வீட்டுக்கு வந்தன்னிக்கு, தையல் வலியோட உள்ள படுத்திருக்கேன், இவர் கூடத்துல மேட்ச் பாக்கறார், வீடே அதிருது. கொஞ்சம் கம்மி பண்ணுங்களேன்னேன். கதவைச் சாத்திக்கன்னார். நானே எழுந்து, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து, சாத்திக்கிட்டேன். பத்தொம்பது வருஷத்துல அந்தக் குரல் எனக்காக ஒரு தடவை எறங்கினதில்லை.

அவர்கிட்ட இதையெல்லாம் நான் கேக்கலை. எதுக்குக் கேக்கணும்? இனிமே பாத்துக்கலாம். அவர் ஆறரைக்கு வருவார். செவுத்துக்கு அந்தப் பக்கம் உன் சத்தம் கேக்கும். இதுநாள் வரைக்கும் கேட்டப்பல்லாம் நாங்க ரெண்டு பேரும் தட்டைப் பாத்துக்கிட்டுச் சாப்பிடுவோம். இன்னிக்கு எழுந்து போறாரா, உக்காந்து சாப்பிடறாரான்னு எனக்குப் பாக்கணும். அவ்வளவுதான்.

மூஞ்சியைத் தொடைச்சுக்க. லிஃப்ட் வந்து நிக்குது. இல்ல, நீ இரு, நானே கதவைத் திறக்கறேன்.