ஜெப வேளையில் கதவைத் திறந்தவருக்கு

நோயாளியின் நோவறிந்த நல்லாயரே! கட்டில்தோறும் கனிவோடு சென்று கண்ணீர் துடைத்த கருணையாளரே! முப்பத்தோராண்டு எங்கள் மருத்துவமனையில் இறைப்பணியாற்றி இன்று ஓய்வுபெறும் எங்கள் போதகர் ஐயா அவர்களே!

இம்மடலை எழுதும் பொறுப்பு மருந்தகத்தில் பணிபுரியும் எனக்குத் தரப்பட்டது. என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதுதான் காரணம். அதே காரணத்துக்காகத்தான் ஒன்பதாண்டுக்கு முன் தங்கள்மீதான புகாரையும் என்னை எழுதச் சொன்னார்கள். அதை மூடி மறைத்துவிட்டுத் தங்களைப் புகழ எனக்கும் வாய் வரவில்லை, கீழே கையொப்பமிட்டிருக்கும் எவருக்கும் வரவில்லை.

அன்று காலை ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ஜெபம் முடியும்வரை வெளிநோயாளர் கூடத்தின் கதவைத் தாழிட்டு வைப்பது அப்போது நம் வழக்கம். பக்தியில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர் என்ற பெருமை வேறு. தாங்கள் வெள்ளங்கியோடு பீடத்தில் நின்றீர்கள். கதவு தட்டப்பட்டது. "சிஸ்டர், கதவத் தொறங்க! என் பொண்டாட்டிக்கு வலி வந்திருச்சு, தாங்க மாட்டா!" என்று ஒருவர் கதறினார். தலைமைச் செவிலியர் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் ரெண்டு சரணம்தான், சத்தமாப் பாடுங்க" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம் ஐயா, அந்தக் கதறல் காதில் விழாதபடி நாங்கள் சத்தமாகவே பாடினோம்.

தாங்கள் பீடத்தை விட்டு இறங்கினீர்கள். "பாட்டு அப்புறம் பாடலாம்மா, ஸ்ட்ரெச்சர் எங்க?" என்று கேட்டபடியே கதவைத் திறந்தீர்கள். வெளியே நின்று தட்டியவர் கிறிஸ்துவே என்று தங்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. பிரசவ அறைவரை போக நேரமில்லை. நடைக்கூடத்துச் சிமென்ட் தரையில் தங்கள் அங்கியைக் கழற்றி விரித்தீர்கள். அதன்மேல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் பிழைத்தார்கள். நாங்கள் புகார் எழுதினோம்! ஆராதனையைப் பாதியில் நிறுத்தினார், அங்கியைத் தீட்டுப்படுத்தினார் என்று நாற்பத்திரண்டு பேர் கையொப்பமிட்டோம். தாங்கள் இனிப் பீடமேறக் கூடாதென உத்தரவு வந்தது.

அதன்பின் ஒன்பதாண்டு! ஒவ்வொரு காலையும் கதவோரம் நாற்காலி போட்டு அமர்ந்தீர்கள். யார் தட்டினாலும் எழுந்து திறந்தீர்கள். சாய்ந்தவரை நிமிர்த்தி, சோர்ந்தவரைத் தேற்றி, சளிக்கிண்ணம் ஏந்தி, மலச்சட்டி கழுவினீர்கள். பீடத்தில் வேறொருவர் நின்று தாழ்மையைப் பற்றிப் பிரசங்கித்தார். நாங்கள் பயபக்தியோடு தலையாட்டினோம். என் தந்தை இங்கே படுத்த படுக்கையாகக் கிடந்த பதினெட்டு நாளும் அவருக்கு முகம் மழித்துவிட்டவர் தாங்கள். "உங்க மகன் கையெழுத்து ரொம்ப அழகுங்க" என்று அவரிடம் சொன்னீர்களாம். அதைக் கேட்ட நாள்முதல் என்னால் தங்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கையொப்பமிட்டவர்களில் இன்னும் பணியில் இருப்போர் இருபத்தேழு பேர். புகாரைத் திரும்பப் பெறுவதாக நேற்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். காலம் கடந்த காரியம். தங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

தாங்களும் தங்கள் துணைவியாரும் நோயின்றி நொடியின்றி நெடுங்காலம் நலமாக வாழ வேண்டும். எங்கள் வாயால் கேட்டாலும் கடவுள் இதையாவது தரட்டும்!

வாசித்த மடலைச் சட்டமிட்டுக் கையில் தருவதுதான் முறை. இதைத் தங்களுக்குத் தரப்போவதில்லை, ஐயா. ஜெப அறையில், தினமும் நாங்கள் கண் மூடுமுன் பார்த்தாக வேண்டிய சுவரில், நாங்களே மாட்டிக்கொள்கிறோம்.

வெட்கத்துடன்,
மருத்துவமனை ஊழியர்கள் இருபத்தேழு பேர்