கந்தசாமி போட்ட சீலு

...அப்படி அமுக்கிப் பாத்தா ஒன்னும் தெரியாது தம்பி. எல்லாரும் அமுக்கிப் பாத்தாச்சு. பிரேக்கப் புடிச்சிக்கிட்டு ஹேண்டல கீழ அமுக்குவாங்க, அது டொப்புன்னு குனியும், உடனே மண்டைய ஆட்டுவாங்க. மண்டைய ஆட்ட எனக்குந்தான் தெரியும். சரி, நீ அமுக்கு. உன் கடை, நீ அமுக்கு.

பாத்தியா, ரெண்டு காலுலயும் எண்ணெ மோதிரம் போட்டாப்புல சுத்தி நிக்குது? காலுன்னா போர்க்கு. நீங்க போர்க்குன்னு சொல்லுவீங்க, நா காலுன்னு சொல்லுவேன். முன்னால ரெண்டு காலு, அதுலதான மோட்டர் சைக்கிளே நிக்குது. பழைய டூ ஸ்ட்ரோக்கு தம்பி இது. எங்க தாமான் வீட்டு வரிசையில புவனேந்திரன்னு ஒரு பையன் வெல கேட்டுக்கிட்டே இருக்கான். மகளக் குடுன்னு கேட்டாக்கூட யோசிக்கலாம்டா, மோட்டர கேக்காதன்னு சொல்லிட்டேன். எனக்கு மக கெடையாது, அது வேற விசயம்.

இந்தச் சீலு யாரு போட்டது தெரியுமா? என் மச்சினன். என் வீட்டுக்காரி குஞ்சம்மாவோட தம்பி, கந்தசாமி. குருபோங்குல இதே மாதிரி மோட்டரு கடை வச்சிருக்கான். ஊரே அவன்ட்டதான் போவுது. ஊர்க்காரன் மோட்டரெல்லாம் ஒழுங்கா ஓடுது, மச்சான் மோட்டரு மட்டும் ஒழுவுது. இதுக்கு என்னா அர்த்தம்? நீயே சொல்லு... சரிலா, உனக்கு எதுக்கு அடுத்தவன் குடும்பத்து வம்பு.

மொத தடவ ஒழுகினது நியாயம். எண்ணெய வெளிய விடாம புடிக்கிற ரப்பர் வளையந்தான அது, பழசு, காஞ்சி போச்சு, மாத்துனான். நா ஒன்னும் சொல்லல. மறுபடி ஒழுகிச்சி, மறுபடி மாத்துனான். மூனாவது தடவயும் ஒழுவுனா மனுசனுக்கு சந்தேகம் வருமா வராதா? எங்கயோ கழட்டுன பழைய சீல எனக்குப் போடுறான்னு நெனச்சேன். நெனச்சத கோயில்ல நாலு பேரு கேக்க சொல்லிட்டேன். மனசுல ஒன்னு வாயில ஒன்னு வச்சிக்க எனக்குத் தெரியாது.

அவன் என்னா கேக்குறான் தெரியுமா? "மச்சான், உள்ள மண்ணு மாதிரி நறநறன்னு இருக்கே, நீங்க எங்க ஓட்டுறீங்க"ன்னு கேக்குறான். நா எங்க ஓட்டப் போறேன்? வீடு, வீட்ட விட்டா கோயிலு, கோயில விட்டா பசாரு. மண்ணு லோரி பின்னாடியா சுத்துறேன்? அப்பறம், "இங்க ரப்பர் உறை இருக்குமே, ஆர்மோனியப் பொட்டி மாதிரி மடிப்பு மடிப்பா, அது எங்க மச்சான்"ன்னு ஒரு கேள்வி. கழட்டிட்டேன், அது எதுக்கு உனக்கு, நீ சீல ஒழுங்கா போடுடான்னேன். ஆடத் தெரியாதவளுக்கு கூடம் கோணலாம்.

அப்பறம் மஸ்ஜித் தானா ஊருல ஒரு கடைக்குப் போனேன். அந்த ஆளு கால தொடவே இல்ல. ஹேண்டலுக்கு அடியில பேரிங்கு போச்சுன்னு அத மாத்துனான். ஹேண்டலு வெண்ணெ மாதிரி திரும்பிச்சி. வெண்ணெ மாதிரி திரும்பிக்கிட்டே ஒழுகிச்சி.

ஒழுகுற எண்ணெ சும்மா ஒழுகுனா பரவால்ல. பிரேக்குல போயி எறங்கிருச்சி. பசாருக்குப் போயிட்டு நானும் குஞ்சம்மாவும் வாறோம், ரொண்டபவுட்டு வளைவுல பிரேக்க புடிக்கிறேன், புடிக்கவே மாட்டேங்குது. நேரா ரோட்டோர லோங்காங்கு சாக்கடையில எறங்கிட்டோம். எனக்கு ஒன்னுமில்ல. அவளுக்கு முட்டி தேஞ்சி ரத்தம். மீனு பூரா தண்ணியில போயிருச்சி. என் மேலதான் கோவப்படுவாளோன்னு பாத்தா, இல்ல. தம்பிக்காரனுக்கு போன் போட்டு, மச்சான் மோட்டர கொஞ்சம் நல்லா பாருடான்னு சொல்லிட்டு அழுவுறா. எனக்கு அதான் தாங்கல.

இன்னும் நல்லா பாரு தம்பி, வீலு ஆடுதா? ஆடலல்ல. வீலெல்லாம் நல்லா இருக்கு.

இதுல கந்தசாமி மகளுக்கு கல்யாணம். தேவிஸ்ரீ. ஞாயித்துக்கெழம, நாளான்னைக்கி. எனக்குப் புள்ள குட்டி இல்லயா, அந்தப் பொண்ண ஸ்கூலுக்கு ஏத்திக்கிட்டுப் போயி வந்ததெல்லாம் நாந்தான், இந்த மோட்டருலதான். கந்தசாமியும் பொண்டாட்டியும் போன வாரம் அழைக்க வந்தாங்க. தட்டுல வெத்தல பாக்கு, பத்திரிக்க, பழம், எல்லாம் மொறையா. நா கேட்டுக்குள்ளயே விடல. "முன்னால காலு ஒழுகுறத நிறுத்திட்டு வா, அப்பறம் பத்திரிக்க வாங்கறேன்"ன்னுட்டேன். தட்ட கையில வச்சிக்கிட்டு அப்படியே நின்னான். வெயில்ல. அவன் பொண்டாட்டிதான் வாங்க போலாம்னு இழுத்துக்கிட்டுப் போனா.

மறுநா காலையில குஞ்சம்மா சேலைய பையில எடுத்து வச்சி, போன்ல கிராப்பு வாடகைக் கார கூப்புட்டு, தம்பி வூட்டுக்குப் போயிட்டா. போவும்போது ஒன்னே ஒன்னுதான் சொன்னா. "அந்த மோட்டரையே கட்டிக்கிட்டு அழுவுங்க"ன்னா. போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறா. வீடு வெறிச்சின்னு கெடக்கு தம்பி. நானே சோறாக்கி நானே திங்கிறேன். உப்பு சரியா இருக்கான்னு கேக்க ஒரு ஆளு இல்ல.

அதனாலதான் தஞ்சோங் கிளிங் வரைக்கும் உன்னைய தேடி வந்தேன். ஜமாலுதீன் பாய் மவன் அஷ்ரப்பு கை சுத்தம்னு சொன்னாங்க. நீ மட்டும் ஒழுங்கா போட்டுக் குடு. ஞாயித்துக்கெழம காலையில கல்யாண மண்டபத்து வாசல்ல கொண்டு போயி நிறுத்துறேன். எல்லாரும் பாக்க ஒரு வெள்ளத் துணிய எடுத்து ரெண்டு காலையும் தொடைப்பேன். ஒரு சொட்டு எண்ணெ இருக்காது. அப்ப கேப்பேன் கந்தசாமிய, இப்ப சொல்லுடா, கோளாறு எங்க இருந்துச்சின்னு...

தம்பி, தம்பி, பாத்துத் தொட. அது அழுக்கில்ல. விபூதி. இன்னிக்கி வெள்ளிக்கெழம, காலையிலதான் பூசினேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கழுவி, ரெண்டு காலுலயும் மூனு பட்ட விபூதி, நடுவுல சந்தனம். நீ பாய் வூட்டுப் புள்ள, உனக்கு இது தெரியாது. வண்டிக்கு கண்ணு படும்லா. அதுவும் இந்த மாதிரி பழைய மோட்டரு, அந்தப் புவனேந்திரன் ஒருத்தன் கண்ணே போதும்.

லைட்டுல பூசினா ராத்திரி வெளிச்சம் மங்குது. நம்பர் பிளேட்டுல பூசினா போலீஸ்காரன் நிறுத்துறான். டேங்குல பூசினா பெயிண்டு போவுது. அதான் காலுல இந்த பளபளன்னு இருக்கற கம்பியில பூசுறது. நெத்தி மாதிரி அழகா நிக்குது பாரு. கம்பிய மூடியிருந்த ரப்பர் உறை மேல ஒட்டல, அதான் உறைய கழட்டிப் போட்டேன். ஒழுக ஆரம்பிச்சதுலேருந்து கொஞ்சம் ஜாஸ்தியாவே பூசுறேன், திருஷ்டி கடுமையா இருக்குன்னு. எண்ணெக் கசிவுல நல்லா ஒட்டிக்குது.

கந்தசாமி இதெல்லாம் பாத்ததில்ல. அவன் கடைக்குப் போறப்ப சுத்தமா கழுவித் தொடைச்சிட்டுத்தான் போவேன். மச்சான் மோட்டரு அழுக்கா வந்துச்சின்னு ஒரு பேச்சு வந்துறக் கூடாதுல்ல.

கழட்டு, அந்த மூடிய நெம்பு. அதுக்குக் கீழதான் சீலு. என்னா அது, சாம்பக் கலர்ல... சேறா? பாத்தியா, நா சொன்னேன்ல, அவன் உள்ள என்னத்தையோ வச்சி அமுக்கியிருக்கான். கம்பியில கோடு கோடா கீறலு வேற. எல்லாம் அவன் வேல.

ஏன் மோந்து பாக்குற?

என்னைய ஏன் பாக்குற? நா என்னத்த மோந்து பாக்குறது, மோட்டரு எண்ணெ வாடைதான அடிக்கும்... குடு இங்க.

...

நறநறங்குது.

...

ம். சந்தனம்.

...

கம்பி மேலயும் கீழயும் போவும்போது இதயும் உள்ள இழுத்துக்கிட்டுப் போவுமா? ம். போயி ரப்பர அறுத்துரும். ம். புது சீலு போட்டாலும் அறுக்கும். வேற எது போட்டாலும் அறுக்கும்.

நா வந்து நிறுத்தும்போதே நீ பாத்துட்டல்ல? சாமி விசயம், இந்த ஆளுட்ட எப்படிச் சொல்றதுன்னு வாய மூடிக்கிட்டு இருந்திருக்க. கந்தசாமியா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பான். அவன் கண்ணுல எங்க காட்டினேன்.

வெயில்ல நிக்க வச்சேன் தம்பி அவன. தட்டோட.

...

அது என்னா கையில, புது சீலா? வை. அப்படியே வச்சிரு. நீ நல்லாத்தான் போடுவ, தெரியுது. அதனாலதான் வேணாங்குறேன். இத நீ நல்லா பண்ணிக் குடுத்துட்டீன்னா நா எதச் சொல்லிக்கிட்டு அந்த வீட்டுக்குப் போவேன்? சும்மா போயி நின்னா, மன்னிச்சிக்கடான்னு சொல்லணும். அந்த வார்த்த எனக்கு வராது. கட்டுன நாள்லேருந்து குஞ்சம்மாட்டயே வந்ததில்ல. மோட்டரு ஒழுகிச்சின்னா, "கந்தசாமி, இத கொஞ்சம் பாருப்பா"ன்னு சொல்லலாம். அது வரும்.

அந்தப் பழைய சீலு அப்படியே இருக்கட்டும். மூடிய அமுக்கிரு. எண்ணெ பிரேக்குல எறங்காம ஒரு துணிய சுத்திக் கட்டி விடு, பின் பிரேக்கு நல்லாத்தான் இருக்கு, நா ஓரமா மெதுவா போயிருவேன். உன் கூலிய வாங்கிக்க. நீ வேல செஞ்சிட்ட.

அவன் இப்ப கடையில இருக்க மாட்டான். வீட்டு முன்னால பந்தல் போட்டுருப்பான். நேரா பந்தலுக்கே ஓட்டுறேன்.

இரு, இரு. அந்தப் பக்கத்துக் கால தொடைக்காத. இந்தத் தடவ கழுவாமத்தான் போறேன். விபூதி அப்படியே இருக்கட்டும், அவனே குனிஞ்சி பாக்கட்டும். சொந்தக்காரங்க எல்லாம் வந்திருப்பாங்க, நிக்கட்டும். அவன் வாயால என்னைய நல்லா திட்டட்டும். உள்ள அடுப்பங்கரையில குஞ்சம்மா காதுல விழற மாதிரி திட்டட்டும்.