ஏழு நாள் விதிக்கு இருபத்தெட்டு ஆண்டு கட்டுப்பட்டவருக்கு

கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணிமைக்காமல் காவல் காத்த கண்ணியமே! குடுவையில் உயிரையும் குறிப்பேட்டில் உண்மையையும் ஒரே அக்கறையோடு வளர்த்த குணக்குன்றே! கால்நடை வைரஸ் ஆய்வுக்கூடத்தின் செல் வளர்ப்புப் பிரிவை இருபத்தெட்டு ஆண்டுகள் கட்டி ஆண்ட எங்கள் அன்பு அம்மா! இன்று மாலை ஐந்து மணியோடு பணி நிறைவு பெறும் தங்களுக்கு, உடன் உழைத்தவர்கள் உள்ளம் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல் இது. வாசித்து முடியும்வரை தயவுசெய்து உட்கார்ந்தே இருங்கள். தாங்கள் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

குடுவைக்குள் குடும்பம் நடத்தியவரே!

மாட்டைத் தாக்கும் வைரஸ் மனிதனின் செல்லுக்குள்ளும் புகுந்து பெருகுமா என்ற ஒற்றைக் கேள்விக்காகத் தங்கள் வாழ்நாளில் பாதியைத் தந்தீர்கள். மனித நுரையீரல் செல்கள் ஒரு தட்டில், மாட்டுச் சிறுநீரகச் செல்கள் மறு தட்டில், இரண்டுக்கும் இரண்டு நாளுக்கு ஒருமுறை உணவு. ரோஜா நிற உணவுத் திரவம் லேசாக மஞ்சளாகத் திரும்பினாலே, "பசி வந்துடுச்சு பாருங்க" என்று கையுறையை மாட்டிக்கொள்வீர்கள். விடுமுறை நாளென்று செல்லுக்குத் தெரியுமா என்று கேட்டே எங்கள் விடுமுறைகளையும் விழுங்கினீர்கள். அந்தக் குடுவைகளை வேறு கையில் கொடுக்க மட்டும் தங்களுக்கு மனம் வந்ததே இல்லை. "நீங்க நல்லாத்தான் செய்வீங்க, இருந்தாலும் நான் ஒரு தடவை பார்த்துக்கறேனே" என்பீர்கள். அந்த 'இருந்தாலும்' எங்களில் பலருக்கு இன்னும் காதில் குத்துகிறது. அம்மா, நாளை முதல் அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

பதறாத பண்பே! பழி சுமந்த பரிவே!

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மனித செல்களில் மாட்டு வைரஸ் தென்பட்டது. கூடமே குதித்தது. இயக்குநர் திங்கட்கிழமைக்குப் பத்திரிகையாளர்களை அழைக்கச் சொல்லிவிட்டார். தாங்கள் மட்டும், "பொறுங்க. வைரஸ் போடாத குடுவையையும் ஒரு தடவை பார்த்துடலாம்" என்றீர்கள். ஒன்றும் போடாத குடுவையில் என்ன இருக்கப் போகிறது என்று நாங்கள் முணுமுணுத்தோம். அதிலும் அதே வைரஸ் இருந்தது. மூன்று வாரம் துருவித் துருவித் தேடியபின், செல்களுக்கு நாம் உணவாக ஊற்றிய, கன்றுக்குட்டியின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்திலேயே வைரஸ் வந்திருப்பதைக் கண்டீர்கள். நம் கையால் நாமே ஊட்டிவிட்டு, நாமே அதைக் கண்டுபிடித்ததாகக் கொண்டாட இருந்தோம்.

அந்தச் சீரம் பெட்டியைச் சோதிக்காமல் அலமாரியில் வைத்தவர் ஒருவர். அறிக்கையில் தாங்கள் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. 'சோதிக்கத் தவறினேன்' என்று தங்கள் பெயரிலேயே எழுதிக்கொண்டீர்கள். மேலிடத்தில் தங்களுக்கு வரவிருந்த பதவி உயர்வு அத்தோடு நின்றது. அந்த ஒருவர்தான் இந்த மடலை எழுதியவர். பதினோரு ஆண்டு கழித்தாவது அதைச் சபையில் சொல்லிவிட வேண்டும் என்று, எழுதும் வேலையை மற்றவர்களிடம் சண்டை போட்டு வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் சீரமே இல்லாத உணவுக்குச் செல்களைப் பழக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினீர்கள். சென்ற மாதம் தாங்கள் கையெழுத்திட்ட கடைசி அறிக்கையின் முடிவு எங்களுக்கு மனப்பாடம்: 'உள்ளே நுழைகிறது. நாம் பார்த்தவரை பெருகவில்லை. இனியும் பெருகாது என்று சொல்ல நமக்கு இன்னும் உரிமை இல்லை.'

தூர நின்றே துணை நின்ற தமக்கையே!

இந்தக் கேள்வியைத் தங்களிடம் முதலில் கேட்டவர் ஆய்வாளர் அல்லர். தங்கள் உடன்பிறந்த தம்பி. பதினோரு பசுக்களை வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவர். "அக்கா, மாட்டுக்கு வர்றது எங்களுக்கும் வருமா?" என்று அவர் ஆண்டுதோறும் கேட்பார். "இன்னும் தெரியலைடா. தெரிஞ்சா உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன்" என்பீர்கள்.

நம் வேலையின் விதி ஊரார் அறியாதது. வைரஸ் அறைக்குள் போனவர், அடுத்த ஏழு நாளுக்கு மாடு கட்டிய இடத்தில் கால் வைக்கக் கூடாது. நமக்கு நோய் வராவிட்டாலும், வைரஸ் நம் தலைமுடியிலும் மூச்சிலும் ஒட்டிப்போய் மாடுகளைச் சாய்த்துவிடலாம். தம்பி வீட்டுக்கும் தொழுவத்துக்கும் ஒரே சுவர். இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் அந்த வீட்டின் வாசற்படியை, இங்கே சேர்ந்த நாள்முதல் தாங்கள் மிதித்ததில்லை. பேருந்து நிலையத்தில், நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அக்காளும் தம்பியும் பேசிக்கொள்வீர்கள். அவர் கைபேசியில் பசுக்களைக் காட்டுவார். "நெத்தியில வெள்ளை இருக்கறவ இளைச்சிட்டாளே" என்று தாங்கள் கவலைப்படுவீர்கள். பிறகு அவர் போய்க் குளித்து, உடுப்பை மாற்றிக்கொண்டுதான் தொழுவத்துக்குள் போவார்.

இரண்டு முறை விடுப்பெடுத்து நாளை எண்ணினீர்கள். ஒருமுறை ஐந்தாம் நாள் உறைபெட்டி பழுதாயிற்று. மறுமுறை ஆறாம் நாள் மின்சாரம் போயிற்று. இரண்டு முறையும் ஓடி வந்து வைரஸ் அறைக்குள் நுழைந்தீர்கள். வெளியே வந்து, "சரி, மறுபடியும் ஒண்ணுலேர்ந்து" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நாங்கள் நம்பவில்லை. அதற்குப்பின் தாங்கள் எண்ணவே இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

மன்னித்தருள வேண்டிய மாண்பே!

சென்ற வாரம் எங்கள்மேல் தங்களுக்கு வந்த கோபம் நியாயமானது. காற்று வடிகட்டி மாற்றுகிறார்கள் என்றோம். கதவுப் பூட்டு கெட்டுவிட்டது என்றோம். பிறகு தங்கள் நுழைவு அட்டையே வேலை செய்யவில்லை. "நான் போறதுக்கு முன்னாடியே வெளிய தள்ளிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

அம்மா, வடிகட்டி நன்றாகவே இருக்கிறது. நாங்கள் மூவர் முறைவைத்துத் தங்கள் குடுவைகளுக்கு உணவிட்டோம். ஒரு செல்கூட வாடவில்லை. நுழைவுப் பதிவேட்டில் தங்கள் கடைசிக் கையெழுத்து சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. இன்று புதன்கிழமை. ஏழு நாளும் நேற்றே முடிந்துவிட்டன. பாதுகாப்பு அதிகாரி சரிபார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறார்.

தங்கள் தம்பியிடம் தொலைபேசியில் சொன்னோம். "அப்போ அக்காவை நான் வீட்டுக்குள்ளயே கூட்டிட்டுப் போலாமா?" என்றார். ஆமாம் என்றதும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். எங்களால் அவரை இங்கே உள்ளே அழைக்க முடியாது. காலையில் பால் கறந்த சட்டையோடு, வெளிவாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருக்கிறார்.

நோயின்றி நூறாண்டு நிறைவாக வாழ்க! உறங்கும் விழியும் ஓய்ந்த கையும் இனியாவது தங்களுக்கு வாய்க்கட்டும்! தம்பி வீட்டுப் பிள்ளைகள் தங்களை ஒரு நாளும் தனியே விடாதிருக்கட்டும்!

இன்று எங்களில் ஒருவரும் தங்களுக்கு மாலை போடவில்லை, கையைப் பிடிக்கவில்லை, கடைசி வரிசை நாற்காலிகளை விட்டு நகரவே இல்லை. வைரஸ் அறைக்குள் போகாத அலுவலக எழுத்தர்தான் இம்மடலைத் தங்கள் கையில் தருவார். கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல்தான் இருக்கிறது. எங்களைத் தொட்டுவிடாமல் போங்கள், அம்மா.

இங்ஙனம்,
தங்களைத் தொடாமல் வழியனுப்பும்
செல் வளர்ப்புப் பிரிவு மற்றும் வைரஸ் அறை ஊழியர்கள்