மூணாவது பாரா

“ஹலோ... சொல்லுங்க சார்... ஆமாங்க, அந்த லெட்டர்தான்... கையெழுத்து உங்களதுதானே சார்?”

மத்திகிரி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த ஜெபசீலி போனைக் காதிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடித்தாள். மறுமுனையில் மாதவன். பெங்களூரு ஆய்வகத்தில் ஏழு வருடமாக அவளுக்கு மேலதிகாரி. டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் இன்னொருவர் கீழேயே இருக்கும் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் சொந்த ஆய்வகம் தொடங்க ஓர் அறக்கட்டளை ஐந்து வருட நிதி தருகிறது. கடைசிப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அவள் விண்ணப்பத்தோடு போன தன் சம்மதக் கடிதத்தை மாதவன் இன்று மாலை ஐந்துக்குள் உறுதிசெய்ய வேண்டும்.

“யாரு எழுதினதா?... நான்தாங்க. ‘நீயே எழுதிக் கொண்டா, போட்டுத் தர்றேன்’னு சொன்னீங்களே... ஆமாங்க... எப்பவும் அப்படித்தானே சார். நம்ம லேப் சுபாஷ் தன்னையே மேதைன்னு எழுதிக்கிட்டு வந்தான். அதுக்கும் போட்டீங்க...”

“இல்லீங்க, நான் மேதைன்னெல்லாம் எழுதலை... மூணாவது பாராவா?... எனக்கு மனப்பாடங்க சார். ‘கிரானைட் தொழிலாளர்களின் நுரையீரல் நோய் பற்றிய இந்த ஆய்வை அவர் தன்னுடன் எடுத்துச் செல்லலாம். நான் இனி இதில் ஈடுபட மாட்டேன்’... ஆமாங்க... ஆமாங்க, அதேதான்.”

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

“திருட்டுங்களா?... சார், அந்த நானூத்திப் பன்னெண்டு ரத்த சாம்பிளும் யாருங்க எடுத்தது? கிருஷ்ணகிரியில பட்டறை பட்டறையா... பாதி தமிழ்ல, பாதி தெலுங்குல, பாதி கன்னடத்துல கெஞ்சி... மூணு பாதி வருதுங்களா? வரட்டுங்க... நீங்களும் வந்தீங்க. ஒருதரம். தூசி ஒத்துக்கலைன்னு கார்லயே உக்காந்திருந்தீங்க.”

அவள் குரலை இறக்கினாள்.

“முடியாதுன்னு நீங்க எழுதலாங்க சார். எழுதினா எனக்கு அவ்வளவுதான். அடுத்த மாசத்தோட வயசு வரம்பு தாண்டிருது... ஆனா போட்ட கையெழுத்தை ஏன் மாத்தறீங்கன்னு கேப்பாங்க. படிக்காம போட்டேன்னு சொல்லணும்... அப்புறம் சுபாஷ் லெட்டரையும் எடுத்துப் பாப்பாங்களோ என்னமோ... அய்யோ, மிரட்டலைங்க சார். சும்மா யோசிச்சேன்...”

“ம்... ம்... முதல் பேப்பர்ல உங்க பேருங்களா? தாராளமா போட்டுடறேங்க... நிஜமாத்தான் சொல்றீங்களா சார்?... ரொம்ப நன்றிங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பூக்காரி பார்த்தாள்.

“அவங்களுக்கு என்ன பதில் எழுதணும்னா? ரெண்டு வரிதாங்க... மீட்டிங்கா?... சரிங்க, நானே எழுதி உங்களுக்கு மெயில் பண்றேன், அப்படியே அனுப்பிடுங்க... ஒருதரம் படிச்சுப் பாத்துட்டு... நேரமில்லீங்களா?”

உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சரிங்க சார். அப்ப சாம்பிள் வெச்சிருக்கிற அந்த ஃப்ரீசரையும்... ஹலோ?... ஹலோ?”

வைத்துவிட்டார்.

அடுத்த பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்கார்ந்து, ஃப்ரீசரையும் சேர்த்து எழுதினாள். மூன்று வரி ஆயிற்று.